வலது பக்கக் கட்டம்

நாலாவது வரி மட்டும் காலியாக இருக்கிறது. ஒன்றில் கோல்கீப்பர் பேர் எழுதியாகிவிட்டது, இரண்டும் மூன்றும் எழுதியாகிவிட்டது, நாலைத் தாண்டிக் குதித்து ஐந்திலிருந்து பதினொன்று வரைக்கும், அதற்குக் கீழே மாற்று ஆட்டக்காரர்கள் ஏழு பேரில் ஆறு பேர் வரைக்கும் எழுதியாகிவிட்டது. நாலாவது வரியில் கஜேந்திரன் என்று எழுதினால் பிரவீன் கீழே மாற்று ஆளாகப் போவான். பிரவீன் என்று எழுதினால் கஜேந்திரன் கீழே போவான். அவ்வளவுதான் வேலை, இரண்டு பேர், இரண்டு வரி, இதற்குப் போய் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு இருபது நிமிடமாக உட்கார்ந்திருக்கிறேன். மணி இரண்டு பத்து. இரண்டரைக்குள் பட்டியல் மேட்ச் கமிஷனர் மேஜைக்குப் போயாக வேண்டும். மூன்று படி, நடுவில் இரண்டு கார்பன் தாள், அவருக்கு ஒன்று, எதிரணிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. கேலரிக்கு அடியில் இருக்கிற இந்த அறையில் ஒரு ஃபேன் சுற்றுகிறது, காற்றைவிடச் சத்தம்தான் அதிகம். தைல வாடை, ஈரச் சாக்ஸ் வாடை, இடைவேளைக்கு வெட்டி வைத்த ஆரஞ்சுப் பழ வாடை, மூன்றும் சேர்ந்தால் அதுதான் மேட்ச் நாள் வாடை. எனக்குத் தூக்கம் வருகிறது. இந்த நேரத்தில் தூக்கம் வருகிறதே என்று பயமாகவும் இருக்கிறது. வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் பையன்கள் கணுக்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டு சிரிக்கிறார்கள், கஜாவின் சிரிப்பு தனியாகக் கேட்கிறது, அவன் எதற்குச் சிரித்தாலும் கடைசியில் ஒரு இருமல் வரும். பத்தொன்பது வருஷமாக இந்தப் பட்டியலை எழுதியது நான்தான், கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் பேர் சொன்னது நான் இல்லை. தலைமைப் பயிற்சியாளர் ரொசாரியோ சார் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பேராகச் சொல்லுவார், நான் எழுதுவேன். ஒருநாள்கூட எனக்குக் கை வலித்ததில்லை. இன்றைக்குப் பதினாறு பேர் எழுதுவதற்குள் மணிக்கட்டு கடுக்கிறது.

உதவிப் பயிற்சியாளர் என்றால் என்ன வேலை மாப்பிள்ளை என்று என் மாமனார் சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். பந்துக்குக் காற்று அடிப்பது, கூம்பு வைப்பது, எவன் முட்டியில் வீக்கம், எவன் வீட்டில் சண்டை, எவன் பிரியாணி தின்றுவிட்டு வந்து ஓட முடியாமல் நிற்கிறான் என்று தெரிந்து வைத்திருப்பது. அவரிடம் இதைச் சொன்னால் இதற்கா படித்தீர்கள் என்பார். ஆனால் அதெல்லாம் சில்லறை வேலை, உண்மையான வேலை பட்டியலை வாசித்த பிறகுதான் ஆரம்பிக்கும், அதை நான் மாமனாரிடம் சொன்னதில்லை, என் பெண்டாட்டி சரளாவிடமே சொன்னதில்லை. சார் பதினொரு பேரையும் வாசித்துவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார், திரும்பிப் பார்க்க மாட்டார். பேர் வராதவன் போய் ஏதாவது ஒரு படியில் உட்காருவான். எந்த மைதானமாக இருந்தாலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு படி இருக்கும், அது யாருக்கும் சொல்லித் தராமலே தெரியும். நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். உடனே போகக் கூடாது, ஷூ லேஸை அவிழ்க்கிற வரைக்கும் விட வேண்டும். தோளில் கை போடக் கூடாது, போட்டால் அழுதுவிடுவான், முட்டியில் லேசாகத் தட்டலாம். முகத்தைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொல்ல வேண்டும். "நான் உன் பேரத்தாண்டா சொன்னேன். அந்தாளு கேக்கல." அவ்வளவுதான். அவன் சாரின் முதுகை ஒரு பார்வை பார்ப்பான், பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி, பிறகு என்னைப் பார்ப்பான், லேஸை மறுபடியும் கட்டிக்கொள்வான், எழுந்து பெஞ்சுக்கு வந்துவிடுவான். நூறு தடவை சொல்லியிருப்பேனா, இருநூறு இருக்குமா, கணக்கு வைக்கவில்லை. எல்லாம் பொய். சார் என்னைக் கேட்டால்தானே நான் பேர் சொல்ல? பத்தொன்பது வருஷத்தில் அவர் என்னைக் கேட்டது ஒரே ஒரு தடவை. அது இப்போது வேண்டாம். மணி இரண்டு பதினொன்று.

மூன்று வாரம் ஆகிறது சாரை அனுப்பி, அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் முதல் மேட்ச். தொடர்ந்து ஐந்து தோல்வி, ஆறாவது மேட்சும் தோற்ற அன்றைக்கு கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி எனக்குப் போன் பண்ணினார், நான் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன், நாளையிலிருந்து நீங்க பாத்துக்கங்க டில்லிபாபு என்றார். சரிங்க சார் என்றேன். ஏன், என்ன ஆயிற்று, அவருக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டிருக்கலாம், ஒரு மூச்சு இழுத்து விட்டாவது சொல்லியிருக்கலாம். அவர் கமா வைப்பதற்குள் நான் சரிங்க சார் என்று முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன். பத்தொன்பது வருஷமாக அந்த வார்த்தை நாக்கு நுனியில் குந்திக்கொண்டிருந்திருக்கிறது போல. வீட்டில் போய்ச் சொன்னால் சரளா, ஆனைக்கு ஒரு காலம் வந்தா பூனைக்கு ஒரு காலம், முதல்ல அந்தக் கிழிஞ்ச ட்ராக் பேண்ட்டைத் தூக்கிப் போடுங்க, என்றாள். புது ட்ராக் பேண்ட் இடுப்பில் இறுக்குகிறது, ஐம்பத்தொரு வயதில் யாருக்கு இறுக்காது. மூன்று வாரமாக ஒருவனும் என்னைச் சார் என்று கூப்பிடவில்லை, டில்லிண்ணாதான். கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று ஒரு அற்ப ஆசை இருக்கத்தான் செய்கிறது, வெட்கமாக இருந்தாலும் இருக்கிறது. சார் சாமான்களை எடுத்துக்கொள்ள வந்த அன்று விசிலைக் கழற்றி என் கையில் வைத்தார். பழைய வார்ப்பட்டை, அவர் கழுத்து வேர்வையில் கறுத்துப்போனது. "என்னா மேன் டில்லி," என்றார், பழைய புன்னகைதான், "இத்தன நாளா புள்ளயக் கிள்ளுறது நானு, தொட்டில ஆட்டுறது நீயி. இனிமே ரெண்டும் நீதான் மேன்." அப்படியென்றால் அவருக்குத் தெரியும். படியில் உட்கார்ந்து நான் என்ன சொல்கிறேன் என்று இத்தனை வருஷமும் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் திரும்பிப் பார்க்காமல் போனாரா, ஒரு அணிக்கு ஒரு கெட்டவன் வேண்டும் என்று தன்னைக் கொடுத்தாரா, இல்லை அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லையா. நான் விசிலை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே பதில் சரிங்க சார்தான்.

கிள்ளுவது தான்தான் என்று அவர் சொன்னாரே, ஒரு தடவை கிள்ளியதும் நான்தானே, அது அவருக்கு மறந்துவிட்டதா? வேண்டாம் என்றால் விடாது இது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், நாக்-அவுட் கோப்பை இறுதி ஆட்டம். கம்பெனியில் விளையாட்டுக்காரர்களுக்கென்று ஒரே ஒரு நிரந்தர வேலை காலியாக இருந்தது, மேலதிகாரிகள் மூன்று பேர் வந்து அந்த ஆட்டத்தைப் பார்த்து ஆளை முடிவு பண்ணப் போகிறார்கள் என்று பேச்சு. யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, கஜாவுக்கு இருபத்தைந்து வயசு, அவனை மாதிரி நடுவில் நின்று தடுக்கிற ஸ்டாப்பர் அந்தச் சமயத்தில் இந்த ஊரில் கிடையாது, பந்து எங்கே விழும் என்று பந்துக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். காலையில் டீக்கடையில் சார் பன்னை டீயில் தோய்த்துக்கொண்டு சட்டென்று கேட்டார், "என்னா மேன், கஜா ரெடியா?" நான் முந்தின நாள் சாயங்காலம் ஹாஸ்டல் மாடிப்படியில் கஜா இறங்குவதைப் பார்த்திருந்தேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை வைத்துவிட்டு இடது காலை அதோடு சேர்த்துச் சேர்த்து. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இறங்கினான். ரெடி சார் என்று சொல்லியிருக்கலாம். "இடது முட்டி இழுக்குது சார். எட்வினப் போடுங்க," என்றேன். சார் தலையாட்டினார், பன்னின் மிச்சம் டீயில் விழுந்துவிட்டது, அதை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம், கோல் கோட்டில் நின்று எட்வின் ஒரு பந்தைத் தலையால் முட்டி வெளியே தள்ளினான், கஜா அந்த முட்டியோடு அவ்வளவு தூரம் எம்பியிருக்க மாட்டான். நான் சொன்னது சரி. ஆயிரம் தடவை திருப்பிப் பார்த்தாலும் சரிதான். அப்புறம் ஏன் ஒன்பது வருஷமாகத் திருப்பிப் பார்க்கிறேன்? சொன்னது சரி, சொன்ன காரணம்தான் உறுத்துகிறது. முதல் தடவையாக என்னை ஒருவர் கேட்கிறார். ரெடி சார் என்பது டீக்கடைக்காரனே சொல்லிவிடுகிற பதில். உங்கள் கண்ணுக்குப் படாதது என் கண்ணுக்குப் பட்டது என்று காட்டுவதற்கு எனக்கு ஒரு முட்டி தேவைப்பட்டது. அவ்வளவு அவசரமாகச் சொன்னேன். அன்றைக்கு மத்தியானமே படியில் கஜா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், லேஸை அவிழ்க்கிற வரைக்கும் விட்டேன், முட்டியில் தட்டப் போனேன், அது இடது முட்டி என்று தெரிந்ததும் கையை எடுத்து வலது முட்டியில் தட்டினேன், மைதானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், நான் உன் பேரத்தாண்டா சொன்னேன்.

எட்வினுக்கு அந்த வேலை கிடைத்தது, இப்போது மூன்றாவது மாடியில் குளுகுளு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான், தொப்பை வைத்துவிட்டது. கஜா ஒன்பது வருஷமாக கான்ட்ராக்டில் ஸ்டோர்ஸில் மூட்டை தள்ளிக்கொண்டு சாயங்காலம் வந்து பந்து ஆடுகிறான், இந்த சீசனோடு அதுவும் முடிகிறது, முப்பத்துநாலு வயசுக்கு மேல் கம்பெனி கான்ட்ராக்ட் தராது. ரொசாரியோ சாரிடம் அந்த நாளுக்குப் பிறகு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சொன்னதையெல்லாம் செய்வான், ஓடச் சொன்னால் ஓடுவான், முகத்தைப் பார்க்க மாட்டான். என்னை மட்டும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டான். அவனுக்குப் பெண் பிறந்து காது குத்தும்போது வீட்டுக்கு வந்து நின்றான், என் பெண்டாட்டிக்குக் கூடப் பொறந்தவன் யாரும் இல்லண்ணா, தாய்மாமன் மடி நீங்கதான் குடுக்கணும் என்றான். நான் எவ்வளவோ சொன்னேன், சரளா வேறு பக்கத்தில் நின்றுகொண்டு இதில் என்ன யோசனை என்கிறாள். போய் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியைக் குத்தினதும் குழந்தை வீறிட்டு என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது, கஜா எனக்கு வேட்டி சட்டை வைத்துக் கொடுத்து, எனக்காக அந்தாளுகிட்ட வாயத் தொறந்து பேசின ஒரே மனுசன் இவருதான் என்று மாமியாரிடம் சொன்னான். வந்திருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு பொட்டு ரத்தம். அந்த வேட்டியை இன்னும் கட்டவில்லை, பீரோவில் கிடக்கிறது. கீர்த்தனாவுக்கு இப்போது எட்டு வயசு, என்னை மாமா என்றுதான் கூப்பிடும். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கஜா சொன்னான், "பாப்பா வர்றாண்ணா இன்னைக்கி. மொத தபா. அப்பா ஆடி அவ பாத்ததே இல்ல." சொல்லிவிட்டு இன்னும் கிட்டே வந்து, "நீங்க வந்துட்டீங்க, இனிமே எனக்கு இன்னா கவல," என்றான். நான் பந்துப் பையின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது சரியாகத்தான் இருந்தது.

பிரச்சினை என்னவென்றால் கஜாவால் இப்போது திரும்ப முடியவில்லை. நேராக வருகிறவனை நிறுத்திவிடுவான், தலைக்கு வருகிற பந்தை யாருக்கும் விட மாட்டான், ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒரு பந்து போனால் அவன் திரும்புவதற்குள் எதிரி பாதி தூரம் போய்விடுகிறான். இன்றைக்கு எதிர் டீமில் இடது ஓரத்தில் ஒருவன் ஆடுகிறான், பதினோராம் நம்பர், அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், ஸ்டாப்பர் முதுகுக்குப் பின்னால் ஓடுவது. போன மாதம் இதே டீமோடு மூன்று கோல் வாங்கினோம், மூன்றும் அப்படித்தான், மூன்று தடவையும் கஜா கையைத் தூக்கி ஆஃப்சைட் கேட்டுக்கொண்டு நின்றான். இன்றைக்கு டிரா செய்தால் முதல் டிவிஷனில் நிற்போம். தோற்றால் கீழே போவோம், கீழே போனால் டீமையே இழுத்து மூடிவிடலாம் என்று கம்பெனியில் சிலர் காத்திருக்கிறார்கள், இருபத்திரண்டு பேர் மூட்டை தள்ளவும் வாசலில் நிற்கவும் போக வேண்டியதுதான். பிரவீன் சின்னப் பையன், மணலியிலிருந்து வருகிறான், ஆட்டத்தில் அறிவு பத்தாது, ஆனால் ஓடுவான், திரும்புவான். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. ரொசாரியோ சாராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிரவீன் என்றிருப்பார், அடுத்த பேருக்குப் போயிருப்பார். கஜா என்று எழுதிவிட்டு இடைவேளையில் மாற்றினால் என்ன? பெண்ணாவது பார்த்துவிடும். இடைவேளைக்குள் இரண்டு கோல் விழுந்துவிட்டால்? முட்டி வலி என்று அவனையே சொல்ல வைத்தால்? கடைசிப் பத்து நிமிடம் இறக்கினால்? மணி இரண்டு இருபத்தொன்று. நான் எழுதாமலே இருந்தால் யாராவது வந்து எழுதிவிடுவார்கள் என்பது போல உட்கார்ந்திருக்கிறேன். யாரும் வர மாட்டார்கள். பிரவீன் என்று எழுதினேன். கார்பன் தாளைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் மூன்றாவது படி வரைக்கும் விழுந்திருந்தது. கீழே ஏழாவது மாற்று ஆளாகக் கஜேந்திரன் என்று எழுதி, கையெழுத்தும் போட்டு, யோசிக்கக் கூடாது என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வெயில் கண்ணை அடித்தது. கமிஷனர் மேஜை மைதானத்துக்கு அந்தப் பக்கம், ஷாமியானாவுக்குக் கீழே, அதற்குப் போக கேலரிக்கு முன்னால் நடந்தாக வேண்டும். "மாமா!" என்று ஒரு குரல். மஞ்சள் கவுன், கையில் ஐஸ், பக்கத்தில் கஜாவின் பெண்டாட்டி குடை பிடித்துக்கொண்டு. "மாமா, அப்பா எப்ப வருவாரு?" நான் பட்டியலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன், அந்தக் குழந்தைக்கு அந்தத் தூரத்திலிருந்து எழுத்தா தெரியும். இன்னொரு கையை ஆட்டினேன். கமிஷனர் வயசானவர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார், நாலாவது வரியில் விரல் நின்ற மாதிரி எனக்கு இருந்தது, நிற்கவில்லை. கீழே வந்து நின்றது. "தலைமைப் பயிற்சியாளர் கட்டம் காலியா கெடக்குதே. யாருங்க உங்க கோச்?" நான்தான் சார் என்றேன். "அப்ப இந்தக் கையெழுத்து யாருது?" எட்டிப் பார்த்தேன். இடது பக்கக் கட்டத்தில், உதவிப் பயிற்சியாளர் என்று அச்சடித்த இடத்துக்கு மேலே, வளைத்துச் சுழித்து, டில்லிபாபு. பத்தொன்பது வருஷமாகக் கை போகிற இடம், கண்ணைக் கட்டிவிட்டாலும் அங்கேதான் போகும். வலது பக்கக் கட்டம் வெள்ளையாக இருந்தது. அதுவும் நான்தான் சார் என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார், சிரிக்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். "அடிச்சுத் திருத்தினா செல்லாதுங்க. புதுசா எழுதிக் குடுத்துடுங்க. பத்து நிமிஷம் தர்றேன்." புதுப் படிவம் மூன்றை எடுத்துக் கொடுத்தார். மறுபடியும் நாலாவது வரி, மறுபடியும் காலி. மனுஷனுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைப்பது அரிது என்பார்கள், எனக்குக் கிடைத்திருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் தெம்பு இல்லை.

திரும்பி வரும்போது கேலரிக்கு முன்னால் வராமல் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்தேன். அறையில் சுகுமார் நின்றிருந்தான். என் பழைய இடத்துக்கு வந்தவன் அவன், ஐந்து வருஷம் எங்களிடம் ரைட் பேக் ஆடியவன், சர்ட்டிபிகேட் கோர்ஸ் முடித்துவிட்டு வந்திருக்கிறான், சுறுசுறுப்பு. கூம்பு எல்லாம் வைத்தாகிவிட்டது என்றான். மேஜையில் விட்டுப்போயிருந்த நம் படியைப் பார்த்திருக்கிறான், எதையும் மறைக்கத் தெரியாத முகம். "கஜாண்ணன் இல்லியாண்ணா?" இல்லை என்றேன். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தான். "சரி, நான் போய்ப் பேசிக்கிறேன், நீங்க வெளியப் போயிடுங்க." என்ன பேசுவ என்றேன். "நீங்க அவரு பேரத்தான் சொன்னீங்க, மேல கம்பெனி கமிட்டில ஒத்துக்கலன்னு சொல்றேன்." யார் உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அவன் சிரித்தான், கிண்டலாக இல்லை, பிரியமாகத்தான். "நீங்கதாண்ணா. எத்தினி தபா எங்கிட்டயே சொல்லிகீறீங்க. டில்லிண்ணன் டயலாக்குன்னு பசங்க சொல்லுவோமே." எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்படியென்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே படியில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறார்கள், வலிக்கு மருந்து பொய்யா நிஜமா என்று யார் பார்க்கிறார்கள், தடவினால் சரி. கஜாவுக்கும் தெரியுமா? தெரிந்திருந்தால் மடி கொடுக்கக் கூப்பிட்டிருப்பானா? தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் மனசு கெஞ்சுகிறது, தெரிந்திருந்தால் வேலை முடிந்தது, ஒன்பது வருஷம் முடிந்தது. கஜாண்ணன் மட்டும் நம்புவாருண்ணா, என்றான் சுகுமார், நான் கேட்காமலே. அவரு உங்கள சாமி மாதிரி இல்ல நெனச்சுகீறாரு.

உட்கார்ந்து மறுபடியும் எழுதினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது வரிக்கு வந்தபோது இந்தத் தடவை தாண்டிக் குதிக்கவில்லை, அங்கேயே நின்றேன். முதல் தடவை எழுதியபோது கை ஓடியது, யாரோ சொல்லி எழுதியதைப் போல, அதனால்தான் அது போய் இடது பக்கக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டது போல. இப்போது சொல்ல யாரும் இல்லை, ஃபேன்தான் சத்தம் போடுகிறது. சார் இப்போது வீட்டில் மத்தியானத் தூக்கத்தில் இருப்பார், பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு மேட்ச் நாளில் தூங்குகிறார். கஜாவின் முட்டியையும் பெண்ணையும் பதினோராம் நம்பரையும் ஒரு தடவை நினைத்தேன், அதற்கு மேல் நினைக்க ஒன்றுமில்லை. பிரவீன். எழுத்தெழுத்தாக எழுதினேன். மிச்சத்தையும் எழுதிவிட்டு, இடது பக்கக் கட்டத்தைச் சுகுமாரிடம் தள்ளினேன், அவன் போட்டான். வலது பக்கக் கட்டத்தில் நான் போட்டேன், கை பழக்கமில்லாமல் எழுத்து கோணிக்கொண்டது, பேங்கில் கொடுத்தால் செல்லாது. பட்டியலை அவனையே கொண்டுபோகச் சொன்னேன். திரும்பி வந்ததும் வார்ம்-அப் எடு, யாரிடமும் போய் எதுவும் பேசாதே என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது.

பையன்களைக் கூப்பிட்டு வாசித்தேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நாலாவது பேர் வந்தபோது பிரவீன் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. வாசித்து முடித்ததும் கால் தானாகக் கதவைப் பார்த்துத் திரும்பியது, விசிலை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டியதுதான், அப்படித்தான் செய்வார்கள், சார் எப்படிப் பத்தொன்பது வருஷம் அந்தக் கதவு வழியாக நடந்தார் என்று இப்போதுதான் புரிந்தது. எல்லோரும் போன பிறகு பின்பக்கம் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் படியில் கஜா உட்கார்ந்திருந்தான். லேஸை அவிழ்க்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் என் முட்டியில் லேசாகத் தட்டினான்.

"வுடுண்ணா," என்றான். "எனக்குத் தெரியாதா. நீ என் பேரத்தான் சொல்லிருப்ப. மேல கமிட்டிக்காரனுங்க ஒத்துகினு இருக்க மாட்டானுங்க. அன்னிக்கி அந்தாளு, இன்னிக்கி இவனுங்க. உன் மேல எனக்கு ஒண்ணியும் இல்ல."

மைதானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான், மெதுவாக, நான் சொல்லுவேனே அதே மாதிரி. தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும், எழுந்து போய்விடலாம், மணி மூன்றாகப் போகிறது. என் உடம்பு முழுவதும் அந்த ஒரு தலையாட்டலுக்காக ஏங்கியது. கீர்த்தனா தொடர்ந்து என்னை மாமா என்று கூப்பிடும்.

"இல்லடா," என்றேன். "கமிட்டியில யாரும் ஒண்ணும் சொல்லல. நான்தான் எடுத்தேன். உன்னால திரும்ப முடியல கஜா."

அவன் உடனே என்னைப் பார்க்கவில்லை. தொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தான். மைதானத்தில் சுகுமாரின் விசில் கேட்டது. அவன் கை என் முட்டியில்தான் இன்னும் இருந்தது, எடுக்க மறந்துவிட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்ப அன்னிக்கி?"

ஒன்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு விதவிதமாகப் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன், உன் முட்டிக்காகத்தான், உன் நன்மைக்காகத்தான், ஜெயித்தோம் அல்லவா, சார்தான் கேட்டார்.

"அன்னைக்கும் நான்தான்."

கையை எடுத்துக்கொண்டான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் குனிந்து அவிழாத லேஸை இன்னும் ஒரு தடவை இறுக்கிக் கட்டினான், வலது கால், பிறகு இடது கால். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். மாற்று ஆட்டக்காரர்கள் போடுகிற பச்சைப் பனியனைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தலை வழியாக மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான், பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி. அந்தப் பார்வையை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன், எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது, இப்போதுதான் எதிரில் இருந்து பார்க்கிறேன்.

"பெஞ்சுல எங்க உக்காரணும்?" என்றான்.

சுகுமார் பக்கத்துல, என்றேன்.

"சரி சார்," என்று சொல்லிவிட்டு நடந்தான். மூன்று வாரத்தில் என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் அவன்தான்.